பழைய ஒயின், குறுகிய கெடு

1985 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரே ஒரு பாட்டில் போர்தோ ஒயின் 1,05,000 பவுண்டுக்குப் போனது. 1787-ஆம் ஆண்டு லஃபீட், பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சொந்தமானது என்று சொல்லி விற்றார்கள். கண்ணாடியில் அவர் பெயரின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. கொண்டுவந்தவர் ஹார்டி ரோடன்ஸ்டாக் என்ற ஜெர்மானியர். பாரிஸில் எந்த வீட்டில் கிடைத்தது என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை.

அதே வகையில் நான்கு பாட்டில்களை 1988-இல் வாங்கியவர் அமெரிக்கச் செல்வந்தர் பில் கோக். பின்னாளில் அவர் அமர்த்திய ஆய்வாளர்கள், எழுத்துகள் மின்கருவியால் பொறிக்கப்பட்டவை என்று கண்டுபிடித்தார்கள். கோக் 2010-இல் கிறிஸ்டீஸ் மீது வழக்குப் போட்டார். சந்தேகப்படப் போதிய காரணங்கள் 2000-லேயே அவருக்குத் தெரிந்திருந்தன, கெடு முடிந்துவிட்டது என்று சொல்லி 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது. வழக்கறிஞர் படையே வைத்திருந்தவருக்கு இந்த நிலை என்றால், சேமிப்பைப் போட்டு வாங்குபவர் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

1945-ஆம் ஆண்டு மூட்டான் ஒயின் எப்படிச் சுவைக்கும் என்று நாவால் சொல்லக்கூடியவர்கள் உலகில் மிகச் சிலரே. மோசடிக்காரருக்கு அதுவே வசதி. ரூடி குர்னியவான் என்பவர் கலிஃபோர்னியாவில் தன் வீட்டிலேயே ஒயின்களைக் கலந்து, பழைய பாட்டிலில் அடைத்து, அச்சடித்த லேபிள் ஒட்டி விற்றார். 2008-இல் நியூயார்க் ஏலத்துக்கு அவர் அனுப்பிய, போன்சோ குடும்பத்தின் ஒரு தோட்டத்து பர்கண்டி ஒயின் பாட்டில்களில் 1945 முதலான ஆண்டுகள் இருந்தன. ஆனால் அந்தக் குடும்பம் அந்தத் தோட்டத்து ஒயினைத் தயாரிக்கத் தொடங்கியதே 1980-களில்தான். அந்தக் குடும்பத்து லோரான் போன்சோ தலையிட்டு அந்தப் பாட்டில்களை ஏலத்திலிருந்து விலக்கவைத்தார். 2014-இல் குர்னியவானுக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

ஆகவே ஏலம் கேட்பதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்: யார் விற்கிறார், தயாரிப்பாளரிடமிருந்து வெளியேறியபின் பாட்டில் எங்கெங்கே இருந்தது, ரசீது உண்டா. விற்பவர் பெயரைப் பல நிறுவனங்கள் சொல்லாது. இருப்பு வரலாற்றையும் மறைத்தால் விலகிவிடுவதே நல்லது. ஒயின் மட்டம், தக்கை, மேலுறை ஆகியவற்றின் படங்களைப் பெறுங்கள். ஐம்பது வருட பாட்டிலில் ஒயின் கழுத்துவரை நிறைந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். தயாரிப்பாளரே தக்கை மாற்றியிருந்தால் அதற்குப் பதிவு இருக்கும். ஏலத்தில் கேட்ட விலைக்குமேல் நிறுவனத்தின் கட்டணமும் வரியும் சேரும் என்பதால் வரம்பை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

1945-க்கு முந்தைய ஒயினில் அணுகுண்டுச் சோதனைகளால் பரவிய சீசியம்-137 இருக்கக் கூடாது. பாட்டிலைத் திறக்காமலே அளக்கலாம். இருந்தால் பாட்டிலுக்குச் சொல்லப்பட்ட ஆண்டு பொய். இல்லாவிட்டால் பாட்டில் அசல் என்று அர்த்தமில்லை.

சட்டத்தின் காவலும் குறைவுதான். பிரிட்டனில் நேரில் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் பழைய பொருள் வாங்குவோருக்கு நுகர்வோர் பாதுகாப்புகள் பலவும் பொருந்தாது; 14 நாளில் திருப்பித் தரும் உரிமையும் கிடையாது. பொருள் விவரணைக்குப் பொருந்த வேண்டும் என்ற விதி உண்டு, அதையும் ஏல நிபந்தனைகள் சுருக்கப் பார்க்கும். நியூயார்க்கில் உத்தரவாத மீறலுக்குப் பொதுவாக 4 ஆண்டு கெடு, அதுவும் பொருளை ஒப்படைத்த நாளிலிருந்து. பல நிறுவனங்களின் சொந்தக் கெடு இதைவிடக் குறைவு; அந்தப் பக்கத்தைப் படிக்காமல் கை தூக்காதீர்கள்.

வந்த பாட்டிலை வந்த வாரமே தயாரிப்பாளரின் பதிவோடு ஒப்பிடுங்கள். ஐயம் எழுந்தால் திறக்காமல் படமெடுத்து, ஏலப் பட்டியலையும் கடிதங்களையும் சேர்த்துவைத்து, அன்றே நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வரக் காத்திருக்கும்போதும் கெடு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே வழக்கறிஞரை அதே வாரத்தில் பாருங்கள்.