முதல் மிதியில் நிற்கும் வண்டி

விரைந்து செல்லும் வண்டியைப் புகழ்வார் பலர். வேண்டிய இடத்தில் நிற்கும் வண்டியைப் புகழ்வார் சிலரே. ஆயினும், வீட்டிலிருந்து புறப்பட்டவர் மீண்டும் வீடு சேர்வதற்கு இவ்விரண்டனுள் இன்றியமையாதது பின்னையதேயாம். ஆதலின், நாள்தோறும் ஓட்டும் மோட்டார் வண்டிக்குப் பிறேக் கட்டை தெரிந்தெடுக்கும் முறையை இம்மலரிலே சிறிது ஆராயப் புகுகின்றோம். தமிழாசிரியர்க்கு இப்பொருளில் என்ன வேலை என அன்பர் சிலர் வினவலாம். சொல்லை ஆராய்தல் எம் தொழில். இப்பொருளிலும் ஆராயத்தக்க சொல் ஒன்று உளது.

உதிரிப்பாகக் கடைகளிலே இக்கால இளைஞர் 'பெர்போமன்ஸ் பாட்' என்று கேட்பர். துவிச்சக்கர வண்டியின் பிறேக் கட்டையை அறியாதார் இலர். மோட்டார் வண்டியிலும் அத்தகைய கட்டைகள் உண்டு. சில்லோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டினை இருபுறமும் பற்றிப் பிடிப்பவை அவை. கடைக்காரர் கட்டையைப் 'பாட்' என்றும், தட்டினை 'டிஸ்க்' என்றும் வழங்குவர். 'பெர்போமன்ஸ்' என்பதைச் செயற்றிறன் எனத் தமிழிற் கூறலாம். செயற்றிறன் மிக்க கட்டை என்றவுடன், விலை கூடியதே நல்லது என்று மனம் முடிவு கட்டிவிடுகின்றது. ஆனால், திறன் என்பது தனித்து நின்று பொருள் தருஞ் சொல்லன்று. எச்செயலுக்குத் திறன், எவ்விடத்தில் திறன், எவ்வெப்பநிலையில் திறன் என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே அதற்குப் பொருள் உண்டாகும்.

இக்கட்டையின் வரலாறும் இதனையே உணர்த்தும். இங்கிலாந்தின் டார்பிஷயர் என்னும் மேட்டு நாட்டிலே குதிரை வண்டிக்காரர், இறக்கங்களில் வண்டியை அடக்கும்பொருட்டு, பிறேக் மரக்கட்டையிற் பழஞ் சப்பாத்துகளை வைத்துப் பயன்படுத்தினர். மரத்தினும் சப்பாத்து நன்கு பற்றுவதைக் கண்ட ஹேர்பேட் புரூட் என்பவர், உராய்வுக்கெனவே தனிப்பொருள் ஆக்க முற்பட்டு, 1897 ஆம் ஆண்டில் ஒரு தொழிலகத்தை நிறுவினார். 'பெரோடோ' என இன்று உலகறிந்த நிறுவனத்தின் தோற்றம் இதுவே. அந்நாட்டின் இறக்கத்தையும் அவ்வண்டிகளின் சுமையையும் நோக்கியே அவர் பொருள் தேடினார். நாமும் எம் நாட்டு வீதியை நோக்கியே தேடுதல் வேண்டும்.

எமது குடாநாட்டிலே கீரிமலை என்னும் பெயர் உண்டு, மலைதான் இல்லை. பருத்தித்துறையிலிருந்து பண்ணை வரையும் வண்டியை இழுத்துச் செல்லும் நெடிய இறக்கம் ஒன்றேனும் காண்பதற்கில்லை. மோட்டார்க் காருக்குச் சட்டம் விதித்த உச்ச வேகம் குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றர்; புறத்தே 70 கிலோமீற்றர். இவ்வேகங்களில் ஓடும் வண்டியை நிறுத்துங்கால் எவ்வளவு வெப்பம் பிறக்கின்றது என்பதைக் கணித்துப் பார்ப்போம்.

1,000 கிலோகிராம் திணிவுள்ள சிறு வண்டி ஒன்று மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது, அதன் இயக்க சக்தி ஏறத்தாழ 96 கிலோயூல் ஆகும். இச்சக்தியை வெப்பமாக மாற்றுவதே பிறேக்கின் தொழில். நிறுத்தும்போது பாரம் முன்புறம் சாய்தலால், அவ்வெப்பத்திற் பத்தில் ஏழு பங்கினை முன்சில்லுத் தட்டுகள் இரண்டும் ஏற்கின்றன எனக் கொள்வோம். தட்டு ஒவ்வொன்றும் 5 கிலோகிராம் இரும்பாயின், ஒரு தடவை நிறுத்துவதால் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 15 பாகை செல்சியஸ் மாத்திரமே உயரும். வேகம் இருமடங்காயின் வெப்பம் நான்மடங்காகும். மணிக்கு 100 கிலோமீற்றரிலிருந்து நிறுத்தினாலும் உயர்வது 60 பாகை அளவே. ஆகவே, எம் வீதிகளிலே பிறேக் கட்டை பெரும்பாலும் குளிர்ந்தோ இளஞ்சூட்டிலோதான் வேலை செய்கின்றது.

பந்தய வண்டிக்கென ஆக்கிய கட்டையின் இயல்பு இதற்கு நேர்மாறானது. பந்தயத் திடலிலே வளைவுக்கு வளைவு பெருவேகத்தை அடக்குதலால், அங்கே தட்டு பல நூறு பாகை வரை கொதிக்கும். அக்கொதிப்பிலும் பிடி தளராதிருத்தலே அக்கட்டையின் சிறப்பு. அத்தகைய கட்டைகளுட் சில 200 பாகைக்கு மேற் சூடேறிய பின்னரே தம் முழுப் பிடியையும் காட்டும். குளிர்ந்த நிலையில் அவற்றின் பிடி குறைவு. தட்டினைத் தேய்த்தலும் கிரீச்சிடுதலும் மிகுதி. காலையிற் படலையைத் திறந்து ஒழுங்கையால் வெளிவரும் வண்டியின்முன், அடுத்த வீட்டுப் பிள்ளை சைக்கிளிற் குறுக்கிடுதல் நம் ஊரில் நாள்தோறும் நிகழக்கூடியது. கட்டை சூடேறும் வரையும் அப்பிள்ளை காத்து நிற்பதில்லை. அன்றைய முதல் மிதியிலேயே வண்டி நிற்றல் வேண்டும். எனவே, நாள்தோறும் ஓட்டும் வண்டிக்குக் கட்டை தேடுவோர், கொதிநிலையிலே அது எப்படிப் பிடிக்கும் என்று கேட்குமுன், குளிர்நிலையிலே எப்படிப் பிடிக்கும் என்று கேட்டல் முறையாகும்.

இனி, கடைகளிற் கிடைப்பனவற்றை மூவகைப்படுத்தலாம். முதலாவது, இழைகளையும் பிசினையும் சேர்த்துச் செய்த சேதனக் கட்டை. இது குளிரிலே நன்கு பற்றும், ஓசை குறைவு, தட்டினை அதிகம் தேய்க்காது, மிகுந்த வெப்பத்தில் மாத்திரம் தளரும். இரண்டாவது, உருக்குத் தும்பு முதலிய உலோகங்கள் ஏறத்தாழ 30 முதல் 65 சதவீதம் வரை கலந்த அரையுலோகக் கட்டை. இது வெப்பத்தைத் தாங்கும். ஆனால் ஓசையும் கருந்தூசும் தட்டுத் தேய்வும் கூடுதல். மூன்றாவது செரமிக் கட்டை. ஓசையும் தூசும் குறைந்து நெடுநாள் உழைப்பது இதன் குணம். விலை சற்று உயர்வு. குடாநாட்டுக்குள்ளேயே ஓடும் சிறு வண்டிக்கு, வண்டியை ஆக்கியோர் முதலிற் பூட்டிய வகைக்கு ஒப்பான சேதனக் கட்டையோ செரமிக் கட்டையோ போதியது. பாரம் ஏற்றும் வான்களுக்கு அரையுலோகக் கட்டை பொருந்துவதுண்டு.

'பிடி கூடிய கட்டையைப் பூட்டினால் வண்டி இன்னும் கிட்ட நிற்குமே' என்பார்க்கு ஒன்று கூறுவோம். கட்டை சில்லினைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது வீதியைப் பற்றியுள்ள ரயர். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடும் வண்டி, சாரதி ஆபத்தை உணர்ந்து மிதிக்கும் ஒரு செக்கனிலே 14 மீற்றர் ஓடிவிடும். அதன்பின், உலர்ந்த தார் வீதியில் உராய்வுக் குணகம் 0.7 எனக் கொண்டால் நிற்பதற்கு மேலும் 14 மீற்றர் வேண்டும். மழையில் நனைந்து அது 0.4 ஆகக் குறைந்தால் 25 மீற்றர் வேண்டும். வன்மையாக மிதித்தபோது சில்லு பூட்டிக்கொள்ளுமாயின், அல்லது ஏபிஎஸ் பொறி அதிர்ந்து வேலை செய்யுமாயின், இருக்கும் கட்டையே ரயரின் எல்லையை எட்டிவிட்டது என்பது கருத்து. அதற்குமேற் பிடி கூடிய கட்டையாற் பயன் இல்லை. தேய்ந்த ரயரோடு விலையுயர்ந்த கட்டை வாங்குதல், ஓட்டைக் குடத்துக்குப் பட்டுச் சும்மாடு வாங்குதல் போலாம்.

கட்டையை வாங்குங்கால் அதன் விளிம்பினை வாசித்தல் வேண்டும். அச்சிட்ட குறியீட்டின் ஈற்றில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருப்பதுண்டு. இது அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் வகுத்த முறை. முதலெழுத்து ஏறத்தாழ 93 முதல் 204 பாகை வரையுள்ள மிதமான சூட்டிலும், இரண்டாம் எழுத்து 343 பாகை வரையுள்ள கடுஞ்சூட்டிலும் கட்டைக்குள்ள உராய்வுக் குணகத்தைக் குறிக்கும். 'இ' என்பது 0.25 முதல் 0.35 வரை, 'எப்' என்பது 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்பது 0.45 முதல் 0.55 வரை. இரண்டும் 'எப்' ஆயின், சூடேறினாலும் பிடி பெரிதும் மாறாது என உணரலாம். முதலெழுத்து 'இ' ஆகவும் இரண்டாவது 'ஜி' ஆகவும் இருப்பின், அது சூட்டிற்கே உகந்தது. எனினும் இவ்வெழுத்துகள் சிறு மாதிரித் துண்டினைச் சோதித்து இடப்பட்டவை, முற்றுஞ் சான்றாகா. அதனினும் நம்பத்தக்கது, கட்டையின் முதுகுத் தகட்டிலே வட்டத்துள் 'இ' என்னும் எழுத்தோடு காணப்படும் ஐரோப்பிய ஒழுங்குவிதி 90 இன் முத்திரை. வண்டியோடு வந்த கட்டையின் பிடிக்கும் இதன் பிடிக்கும் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருத்தலாகாது என்பது அவ்விதி. போலிப் பெட்டிகளும் சந்தையில் உலவுதலால், பெட்டியைப் பாராது கட்டையையே பார்க்க.

குடாநாட்டுக்கு வெளியே செல்வார் நிலை சற்று வேறாகும். கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்ட 321 கிலோமீற்றர் நீளமான ஏ9 வீதி, 2009 ஆம் ஆண்டின்பின் மீண்டும் திறக்கப்பட, எம்மவர் குடும்பத்தோடு மலைநாடு செல்வது பெருகிற்று. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர். மேற்சொன்ன 1,000 கிலோகிராம் வண்டி றம்பொடை வழியாக இறங்கிக் கண்டி சேர்வதற்குள் இழக்கவேண்டிய சக்தி, மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 130 தடவைக்கு மேல் நிறுத்துவதற்கு ஒப்பாகும். இதனைக் கட்டையின் தலையிலே மாத்திரம் சுமத்தினால், அதன் பிசின் ஆவியாகிப் பிடி தளரும். பிறேக் எண்ணெய் கொதித்துக் குமிழியிட, மிதி வெறுமனே தாழும். ஆதலின், ஏறுங்கால் இட்ட சிறு கியரிலேயே இறங்குக. அடிக்கடி மலைநாடு செல்வார், முதலெழுத்துக் குறையாது இரண்டாம் எழுத்தும் தாழாத கட்டையைத் தெரிக. அவர்க்கும் பந்தயக் கட்டை வேண்டுவதில்லை.

பிறேக் எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். அது வளியிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. 'டொட் 3' எனக் குறித்த எண்ணெய் புதிதாயின் 205 பாகை வரை கொதியாமல் நிற்றல் வேண்டும் என்பது நியமம். ஈரமேறியபின் அவ்வெல்லை 140 பாகை. 'டொட் 4' எண்ணெய்க்கு முறையே 230, 155 பாகை. நாற்புறமும் கடல் சூழ்ந்த எம் நாட்டிலே, ஈராண்டுக்கு ஒருமுறை இதனை மாற்றுவது புதுக்கட்டை வாங்குவதினும் பயன் தருவதாகலாம்.

உவர்க்காற்று தட்டினைத் துருவேற்றும். கட்டையைத் தாங்கும் இடுக்கியின் ஊசிகளை இறுக்கும். பண்ணைத் தாம்போதியாலும் பொன்னாலைத் தாம்போதியாலும் நாள்தோறும் செல்வார் இதனை நன்கறிவர். 'பிறயஸ்', 'அக்குவா' முதலிய கலப்பு வண்டிகளிலே, வேகத்தை அடக்கும் வேலையின் பெரும்பகுதியை மின்மோட்டாரே ஏற்றுக்கொள்கின்றது. கட்டை தட்டினை உரசுவது அருகுதலால் துரு நிலைத்துவிடுகின்றது. அவற்றுக்கு வேண்டுவது கடுங்கட்டையன்று. ஆண்டுக்கொருமுறை கழற்றித் துடைத்து, ஊசிகளுக்கு உரிய கிறீஸ் இடுதலே. மாரியில் வெள்ளம் தேங்கிய ஒழுங்கையைக் கடந்தபின், மிதியை மெல்ல அழுத்திச் சிறிது தூரம் ஓட்டிக் கட்டையை உலர்த்துக.

இனி, எம் பழம்பெரும் வண்டிகளை மறத்தல் தகாது. 1990 ஆம் ஆண்டின்பின், பெற்றோல் தடைப்பட்ட போர்க்காலத்திலே, துளிப் பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓடி நோயாளரையும் கர்ப்பிணிகளையும் சுமந்தவை ஒஸ்ரினும் மோறிஸ் மைனரும் அன்றோ! 1948 இல் தோன்றிய மோறிஸ் மைனர் இறுதிவரை நான்கு சில்லிலும் உருளைப் பிறேக் கொண்டே வெளிவந்தது. அதில் வேலை செய்வது 'சூ' எனப்படும் வளைந்த கட்டை. அதனைத் தேய்வுக்கேற்பக் கையால் நெருக்கி வைத்தல் வேண்டும். நான்கு சில்லுக்கும் எண்ணெய் வழி ஒன்றேயாதலால், ஒரு குழாய் துருவேறி ஒழுகினும் மிதிபிறேக் முழுதும் போய்விடும், கைப்பிறேக்கே எஞ்சும். ஆகவே, அவ்வண்டி வைத்திருப்போர் குழாய்களை முதலிற் பார்க்க. பழைய கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. அதன் தூசு புற்றுநோய் விளைப்பதாதலால், ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் அதனை முற்றாக விலக்கியது. உருளையைக் கழற்றும் கராஜ்த் தம்பிமார் அத்தூசினை வாயாலும் காற்றுக் குழாயாலும் ஊதாது, ஈரத்துணியாற் துடைத்தல் வேண்டும். வண்டி காத்தற்கு உயிரைக் கொடுத்தல் அறிவாகாது.

கட்டை 3 மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்தால் மாற்றுக. ஓர் அச்சின் இரு சில்லுக்கும் ஒரே வகையையே ஒருங்கே பூட்டுக. பின்சில்லுக்கு மாத்திரம் பிடி மிக்க கட்டை பூட்டினால், அது முந்திப் பூட்டிக்கொண்டு வண்டியைச் சுழற்றிவிடும். பூட்டியபின், வெறுமையான வீதியிலே மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 10 வரை மிதமாகப் பத்துத் தடவை வேகம் தணித்து, இடையிடையே ஆறவிடுக. அப்போதுதான் கட்டையும் தட்டும் ஒன்றோடொன்று பொருந்தும்.

2014 ஒற்றோபர் மாதம் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. வீதிகள் அகன்றன; வண்டிகள் பெருகின. பாடசாலை மணி அடித்ததும் வாயிலிலிருந்து வெள்ளமெனச் சைக்கிள்கள் புறப்படும் காட்சி மாத்திரம் மாறவில்லை. அவ்வெள்ளத்தில் ஒருகால் மிதந்த பழைய மாணவரே இன்று வண்டியோட்டி அவ்வழியே வருகின்றனர். அன்பர்களே, கடைக்குச் செல்லுங்கால் 'எது திறன் மிக்கது?' என்று கேளாதீர்கள். 'எது என் வீதியில், குளிர்ந்த காலையில், முதல் மிதியில் நிற்கும்?' என்று கேளுங்கள். உங்கள் வண்டியின் திறனை அளக்கத்தக்க இடம் பந்தயத் திடலன்று. நம் கல்லூரி வாயிலேயாம்.