பரணில் கிடக்கும் பித்தளை பில்டர்

அம்பத்தூரில் பழைய ஓட்டு வீட்டை இடிக்கிறார்கள். அடுக்கு மாடி வரப்போகிறது. பரணில் இருந்து சாமான்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. அண்டா, குண்டான், கூஜா. அவற்றோடு ஒரு பித்தளை காப்பி பில்டர். பச்சைக் களிம்பு பிடித்து, மூடி நசுங்கிக் கிடக்கிறது.

"இதுக்கு என்னப்பா தருவே?"

"எடைக்கு என்ன உண்டோ அதுதாம்மா!"

பழைய பாத்திரக்காரர் தராசைத் தூக்கிவிட்டார். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இதே கதைதான். தராசில் ஏறிய பில்டர் அடுத்து உலைக்குப் போகும். அதற்கு முன், அது எங்கே பிறந்தது என்று பார்த்துவிடுவோமே!

பாரிஸ் பாத்திரம்

பில்டர் என்றால் கும்பகோணத்துச் சொத்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். செய்தது கும்பகோணமாக இருக்கலாம். ஆனால் இதே அமைப்புள்ள பாத்திரம் அதற்கு வெகு காலம் முன்பே பாரிசில் இருந்தது.

1800-ம் ஆண்டையொட்டி அங்கே இரண்டு அடுக்குக் காப்பிப் பாத்திரம் புழக்கத்துக்கு வந்தது. மேல் அடுக்கில் தூள். அதன் அடியில் சிறு சிறு பொத்தல்கள். கீழ் அடுக்கில் சொட்டுச் சொட்டாக டிக்காஷன். பாரிஸ் நகரப் பேராயராக இருந்த தெ பெல்லுவா என்பவரின் பெயரால் அதை அழைத்தார்கள். அதுவரை தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்பதுதான் வழக்கம். மணமெல்லாம் ஆவியோடு போய்விடும்.

வெப்பத்தைப் பற்றி ஆராய்ந்த ரம்போர்டு பிரபு என்ற விஞ்ஞானி, 1812-ல் காப்பிக்காகவே ஒரு கட்டுரை எழுதினார். தூளைச் சமமாகப் பரப்பி அழுத்த வேண்டும், கொதிக்க விடக் கூடாது என்பது அவர் கட்சி. நம் பில்டருக்குள் காம்பு வைத்த தட்டு ஒன்று, குடை போல இருக்கிறதல்லவா? அதன் வேலையும் அதுதான். வெந்நீரை ஊற்றும்போது தூள் கலையாது. ஆனால் ஓங்கி அழுத்திவிட்டால் விடிய விடியச் சொட்டாது! எத்தனையோ வீடுகளில் காலைச் சண்டைக்கு இதுவே காரணம்.

ஏழு விதை

காப்பியும் இந்த நாட்டுச் செடி அல்ல. 17-ம் நூற்றாண்டில் பாபா புதான் என்ற பெரியவர் ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்தில் இருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து, சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்று சொல்வார்கள். 19-ம் நூற்றாண்டில் மைசூர், குடகு, நீலகிரி, சேர்வராயன் மலைகளில் தோட்டங்கள் பெருகின.

1856-ல் ராயபுரத்தில் இருந்து வாலாஜாவுக்கு, தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் பாதை அது. 1864-ல் ரயில் பெங்களூரையும் எட்டியது. காப்பி விளையும் மலைக்கும் பட்டணத்துக்கும் இடையே தூரம் குறைந்தது.

அப்போதும் காப்பியைச் சுலபமாக யாரும் வீட்டுக்குள் விடவில்லை. காலையில் நீராகாரம் குடித்து வளர்ந்த நாடு இது. காப்பி உடம்பைக் கெடுக்கும், பணத்தைக் கரைக்கும் என்று பெரியவர்கள் திட்டினார்கள். திட்டிக்கொண்டே குடித்தார்கள்! அந்தக் கதையை வரலாற்று ஆசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் எழுதியிருக்கிறார்.

பிறகு அம்பத்தூரில் 1949-ல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. வேலை தேடி வெளியூர்களில் இருந்து குடும்பங்கள் வந்து இறங்கின. டிரங்குப் பெட்டியோடு சீர்வரிசைப் பாத்திரங்களும் வந்தன. பின்னால் எவர்சில்வர் வந்தது. பித்தளை பரணுக்கு ஏறியது.

இத்தாலிய உறவு

சில வீட்டுப் பரணில் வேறொரு பாத்திரமும் கிடைக்கும். அலுமினியத்தில், எட்டுப் பட்டை போட்டு, இடுப்புச் சிறுத்து இருக்கும். வெளிநாடு போய் வந்தவர் கொண்டுவந்ததாக இருக்கும். இது 1933-ல் இத்தாலியில் அல்போன்சோ பியாலெட்டி என்பவரின் பட்டறையில் பிறந்தது. பெயர் மோக்கா. ஆம், அதே துறைமுகத்தின் பெயர்தான்!

நம் பில்டரில் தண்ணீர் கீழே இறங்கும். இதில் மேலே ஏறும். பாத்திரத்தை அப்படியே அடுப்பில் வைத்தால், அடியில் உள்ள நீரை ஆவி நெட்டித் தள்ளும். நீர் தூளுக்குள் புகுந்து, டிக்காஷனாக மேல் கிண்ணத்தில் வழியும். பக்கத்தில் சிறிய வால்வு ஒன்று உண்டு. அது அடைத்திருந்தால் அடுப்பில் ஏற்றவே கூடாது. வெடித்தால் ஆபத்து.

பெயர் வெட்டு

பித்தளை பில்டருக்கு வயது கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. புளி போட்டுத் தேய்த்து, விளிம்பைப் பாருங்கள். புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். பாட்டியின் பெயரோ, அவருடைய தகப்பனார் பெயரோ, ஊரோ, கல்யாணத் தேதியோ இருக்கலாம். தேதி இல்லையா? எழுத்தைப் பாருங்கள். 'லை', 'னை', 'ணை' போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கை போலச் சுழித்திருந்தால், அது அநேகமாக 1978-ம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது.

பெயரைப் பார்த்த பிறகு எடைக்குப் போட மனசு வருமா?

வராது என்றால், கழுவிய கையோடு காப்பி போட்டுவிடாதீர்கள். உள்ளே ஈயம் தேய்ந்து பித்தளை தெரிந்தால் டிக்காஷனில் களிம்பு இறங்கும். உடம்புக்கு ஆகாது. ஈயம் பூசக் கொடுங்கள். வெள்ளீயம்தானா என்று கேட்டு வாங்குங்கள். காரீயம் கலந்தால் அது விஷம். பூசி வந்ததும் இரண்டு முறை வெறும் வெந்நீர் ஊற்றி வடிய விடுங்கள். முதல் டிக்காஷனைக் கீழே ஊற்றிவிடுங்கள். இரண்டாவது டிக்காஷனில் பால் சேருங்கள்.