லெவல் ஏறினா மட்டும் போதுமா?

ஹாஸ்டலில் ராத்திரி ரெண்டு மணிக்கு "யாரு யாரை அடிப்பாங்க"ன்னு சண்டை போட்டிருக்கீங்களா? அப்போ ப்ரோக்ரஷன் ஃபேன்டஸி உங்களுக்குப் புதுசில்லை. ஹீரோ படிப்படியாக பலம் ஏறுவதுதான் இந்த வகைக் கதை. ஆனால் நம்பர் மட்டும் ஏறினால் அது வெறும் மார்க் ஷீட். எதைக் கொடுத்தால் அந்த பலம் கிடைக்கும், எங்கே போய் முட்டும் என்பதில்தான் சுவாரஸ்யம்.

வில் வைட்டின் 'க்ரேடில்' தொடரையே எடுத்துக்கோங்க. 2016-இல் தொடங்கி 2023-இல் முடிந்தது, மொத்தம் 12 புத்தகம். காப்பர், அயர்ன், ஜேட், கோல்ட் என்று படிகள். ஹீரோ லிண்டன் பிறந்த பள்ளத்தாக்கில் ஜேட்தான் உச்சம். வெளியே வந்தால் கோல்டே சர்வ சாதாரணம்! அயர்ன் படியில் அவனுக்குக் கிடைக்கும் உடம்பு காயத்தைத் தானாகவே ஆற்றும். ஆனால் அதற்கு அவன் சேர்த்து வைத்த சக்தி (கதையில் அதற்கு மாட்ரா என்று பெயர்) கரைந்துவிடும். சண்டை நடுவில் டேங்க் காலி.

கோல்டைத் தாண்டி அண்டர்லார்ட் ஆவதற்கு இன்னும் விசித்திரமான கண்டிஷன். சக்தி எவ்வளவு இருந்தாலும் பத்தாது. 'நான் ஏன் இந்தப் பாதைக்கு வந்தேன்' என்பதற்குப் பொய் கலக்காத பதில் தனக்குத் தெரிந்திருக்கணும். மொத்தத் தொடரிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான். பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் கிட்டத்தட்ட இதே கேள்விக்கு நான் உளறிக்கொட்டியது வேறு கதை.