ஸ்டிரைக்கர் ஏன் காயைத் துரத்துகிறது?

கேரமில் நேராக அடித்த காய் பாக்கெட்டில் விழுந்ததும், ஸ்டிரைக்கரும் பின்னாலேயே போய் விழுந்து ஃபைன் கட்ட வைக்கும். கைப்பிசகு என்று நொந்துகொள்வோம். உண்மையான காரணம் நிறை. போட்டி விதிப்படி ஸ்டிரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம். காய் 5 முதல் 5.5 கிராம்தான்.

நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் மாறாது. 15 கிராம் ஸ்டிரைக்கர் 5 கிராம் காயை நட்டநடுவில் மோதினால், ஆற்றல் இழப்பு இல்லாத நிலையில், காய் ஸ்டிரைக்கர் வந்ததைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் கிளம்பும். ஸ்டிரைக்கர் பாதி வேகத்தோடு பின்தொடரும். பெருக்கிப் பாருங்கள், இரண்டுக்கும் சரிபாதி உந்தம். ஸ்டிரைக்கருக்குப் பதில் ஒரு காயால் இன்னொரு காயை நேராக அடித்தால், வந்த காய் அநேகமாக அங்கேயே நின்றுவிடும்.

அடுத்த சோதனை இன்னும் அழகானது. பவுடர் தூவிய பலகையில் ஐந்து காய்களை ஒட்டி வரிசையாக வையுங்கள். ஒரு காயைச் சுண்டி மோதவிட்டால் மறுமுனையில் ஒரு காய் ஓடும். இரண்டைச் சேர்த்துத் தள்ளினால் இரண்டு ஓடும். ஒரே காய் இரட்டை வேகத்தில் ஓடினால் என்ன? உந்தக் கணக்கு அதற்கும் ஒத்துவரும். இயக்க ஆற்றலோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அது இரண்டு மடங்காகிவிடும். அந்த உபரி ஆற்றலைக் கொடுக்க அங்கே எதுவும் இல்லை. 1668-ல் லண்டன் ராயல் சொசைட்டி மோதலின் விதிகளைக் கேட்டபோது வாலிஸ், ரென், ஹாலந்துக்காரர் ஹைகன்ஸ் ஆகியோர் விடை அனுப்பினார்கள். நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கி வரும் தொகை, ஆற்றல் இழப்பில்லாத மீட்சி மோதலில் மாறாது என்று கண்டவர் ஹைகன்ஸ். நியூட்டனின் ‘பிரின்சிபியா’ வெளிவந்தது 1687-ல்தான்.

களிமண் உருண்டைகள் மோதி ஒட்டிக்கொண்டால் இயக்க ஆற்றல் குறையும். மொத்த உந்தம் அப்போதும் மாறாது.

உந்தத்தில் ஏற்படும் மாற்றத்துக்குக் கணத்தாக்கு என்று பெயர். விசையை அது செயல்பட்ட நேரத்தால் பெருக்கினாலும் அதே அளவு வரும். நம் உயிரைக் காப்பது இந்தப் பெருக்கல்தான். 160 கிராம் கிரிக்கெட் பந்து மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. கையை விறைப்பாக நீட்டி, நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் நிறுத்தினால் சராசரி விசை 320 நியூட்டன். கையைப் பின்னுக்கு இழுத்துப் பத்தில் ஒரு பங்கு நேரம் எடுத்துக்கொண்டால் வெறும் 32. உந்தத்தை நிறுத்தாமல் தீராது; நேரத்தை நீட்டுவது மட்டும் நம் கையில் இருக்கிறது.

ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் அடுக்கு செய்வதும் இதைத்தான். தலை மோதும்போது அது நசுங்கி, தலை நிற்பதற்குச் சில மில்லிநொடி கூடுதல் அவகாசம் கொடுக்கிறது. நசுங்கிய தெர்மாகோல் பழையபடி விரியாது. மேல் ஓட்டில் கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். அதனால் பலத்த அடி வாங்கிய ஹெல்மெட்டை, பார்க்கப் புதிதுபோல் இருந்தாலும், உடனே மாற்றிவிடுங்கள்.