கோழி வாங்குமுன் மண்ணைப் பாருங்கள்

பின்வளவில் நாலு கோழி வளர்த்தால் என்ன என்ற எண்ணம் சிட்னியில் வாழும் எம்மவர் பலருக்கு உண்டு. ஊர்க்கோழி முட்டையின் ருசி ஒரு காரணம், பிள்ளைகள் வீட்டுக்கு வெளியே வந்து விளையாடுவார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் நல்ல காரணங்களே. ஒரு வைத்தியராக நான் சொல்வது இதுதான்: கோழியைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் மண், அடுத்தது கூடு, அதன் பிறகே கோழி.

மண்ணில் என்ன பயம்?

1970க்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றின் பெயின்ற்றில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் கலந்த பெற்றோல் விற்பனை இந்த நாட்டில் 2002 தொடக்கத்தில்தான் முற்றாக நின்றது. உதிர்ந்த பெயின்ற்றும் வாகனப் புகையும் பழைய வளவுகளின் மேல்மண்ணில் படிந்துள்ளன. ஈயம் உக்கி மறைவதில்லை. கோழி கிளறிக் கொத்தும்போது மண்ணையும் விழுங்குகிறது. அதிலுள்ள ஈயம் கோழியின் இரத்தத்தில் கலந்து முட்டைக்குள் வந்து சேர்கிறது.

மக்குவாரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிட்னியில் 55 வீடுகளின் மண்ணையும் கோழிகளையும் முட்டைகளையும் பரிசோதித்து, முடிவுகளை 2022இல் வெளியிட்டார்கள். வீட்டு முட்டைகளில் கிலோவுக்குச் சராசரியாக 301 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. ஒப்பிட எடுத்த கடை முட்டைகளில் 7.2 மைக்ரோகிராம் மட்டுமே. நகர மையத்தை அண்டிய பழைய பகுதிகளில் பாதிப்பு அதிகம். கோழி வளர்க்கும் மண்ணில் ஈயம் கிலோவுக்கு 117 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் கணிப்பு. குடியிருப்பு மண்ணுக்கு நாட்டின் வழிகாட்டி அளவோ 300 மில்லிகிராம். ஆகவே வீட்டுத் தோட்டத்துக்குப் பரவாயில்லை என்ற மண் கோழிக்கும் சரி என்று எண்ணிவிட வேண்டாம்.

ஈயம் பிள்ளைகளின் வளரும் மூளையைப் பாதிக்கும். படிப்பும் கவனமும் குறையும். இதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. பெரும்பாலும் வெளியில் அறிகுறியும் தெரியாது. சத்தென்று நாம் நாளாந்தம் முட்டை கொடுப்பது சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான். ஈயத்தால் கூடுதலாகப் பாதிக்கப்படுவதும் அவர்களே. பழைய வீட்டில் ஏற்கனவே கோழி வளர்ப்பவர்கள், இரத்தப் பரிசோதனை தேவையா என்று குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

என்ன செய்யலாம்?

வீட்டுச் சுவரோரம், வேலியோரம், கூடு வைக்க நினைத்த இடம் ஆகியவற்றில் மேல்மண் எடுத்து ஆய்வுகூடத்தில் ஈயத்துக்குப் பரிசோதியுங்கள். அளவு கூடினால் ஆசையைக் கைவிட வேண்டியதில்லை. கொங்கிறீற் தளம் போட்டு மேலே வைக்கோல் பரப்பலாம், அல்லது சுத்தமான மண்ணைக் கொண்டுவந்து உயர்த்திப் போடலாம். தீனியை நிலத்தில் எறியாமல் பாத்திரத்தில் வையுங்கள். கழற்றிய பழைய கதவு, பெயின்ற் பூசிய பலகை எதையும் கூட்டுக்குப் பாவிக்காதீர்கள்.

கூடு

நியூ சவுத் வேல்ஸ் விதிப்படி கோழிக்கூடு குடியிருப்பிலிருந்து குறைந்தது 4.5 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். பக்கத்து வீட்டையும் கணக்கில் எடுங்கள். எத்தனை கோழி, சேவலுக்கு அனுமதி உண்டா என்பதைக் கவுன்சிலிடம் கேளுங்கள். முதல் தடவைக்கு மூன்று நாலு பேடுகள் போதும். உலாவ ஒரு கோழிக்கு ஒரு சதுர மீற்றராவது விடுங்கள். இரவில் ஏறி இருக்கக் கம்பும், முட்டையிடப் பெட்டியும் வேண்டும். நரி மண்ணைத் தோண்டி உள்ளே வரும். மெல்லிய கோழிவலை அதைத் தடுக்காது. தடித்த கம்பிவலை போட்டு, அடிப்பகுதியை மண்ணுக்குள் புதையுங்கள். எலி வராமல் தீனியை மூடியுள்ள தகரத்தில் வையுங்கள்.

கையும் முட்டையும்

நோயில்லாத கோழியின் எச்சத்திலும் சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாம். கோழியைத் தொட்டால் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் குஞ்சை முத்தமிட விடாதீர்கள். முட்டையைக் கழுவாமல் உலர்ந்த துணியால் துடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஓடு வெடித்ததை எறிந்துவிடுங்கள்.

பெரியபிள்ளையான பெண்பிள்ளைக்கு நல்லெண்ணெயுடன் பச்சை முட்டை கொடுப்பது எங்கள் வழக்கம். அதே முட்டையை நன்றாக அவித்துக் கொடுங்கள், சத்து எங்கும் போய்விடாது. கர்ப்பிணிகளும் முதியவர்களும் அரை அவியலைத் தவிர்ப்பது நல்லது.

2024இல் விக்ரோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் கோழிப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் பரவியது. காட்டுப் பறவைகள் உங்கள் கோழிகளின் தண்ணீரில் வாய் வைக்காமல் பாருங்கள். கோழிகள் திடீரென்று ஒன்றன்பின் ஒன்றாக இறந்தால் கையால் தொடாமல் 1800 675 888 என்ற அவசர விலங்கு நோய் இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

மண் பரிசோதனை முடிவு கைக்கு வந்தபின் கூட்டு வேலையைத் தொடங்குங்கள். அதுவரை கோழி கடையிலேயே இருக்கட்டும்.