எலும்பை ஆளும் தூதர்கள்

மதுரையை அடுத்த ஒத்தக்கடைக்குச் சென்றவர் யானைமலையைக் காணாமல் திரும்ப இயலாது. யானை படுத்திருப்பதைப் போன்ற அப்பெரும் பாறை காலங்காலமாக மாறாது கிடக்கிறது. நம் எலும்பும் அத்தகைய கல்லே எனப் பலர் கருதுகின்றனர். ஆனால், எலும்பு உயிருள்ள பொருளாகும். அது நாள்தோறும் இடிக்கப்பட்டு, நாள்தோறும் கட்டப்படுகிறது. வளர்ந்த மனிதனின் எலும்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் புதிதாகிறது.

இப்பணியைச் செய்பவை இருவகை உயிரணுக்கள். ஆஸ்டியோபிளாஸ்ட் என்பது கட்டும் அணு. ஆஸ்டியோகிளாஸ்ட் என்பது கரைக்கும் அணு. கட்டும் அணு முதலில் கொலாஜன் என்னும் புரத நாரை உண்டாக்குகிறது. அந்நாரின்மீது சுண்ணாம்பு உப்புகள் படிந்து இறுகுகின்றன. மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது கொலாஜன் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர்.

கரைக்கும் அணுக்கள் எத்தனை உருவாக வேண்டுமென்பதை முடிவு செய்வது யார்? பெரும்பாலும் கட்டும் அணுக்களின் இனமே என்பது வியப்புக்குரியது. இவ்வினத்து அணுக்கள் ‘ராங்க் எல்’ என்னும் தூதுப் புரதத்தை வெளியிடுகின்றன. எலும்பு மச்சையில் தோன்றிய சில இளம் அணுக்கள் அத்தூதைப் பெற்றதும், ஒன்றோடொன்று இணைந்து கரைக்கும் அணுவாகின்றன. இது அளவு மீறாதிருக்க, ‘ஆஸ்டியோபுரோட்டெஜரின்’ என்னும் மற்றொரு புரதம் அத்தூதனை வழியிலேயே பற்றிக்கொள்கிறது. இவ்விரண்டும் 1990-களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டன.

இவற்றின் அளவை ஹார்மோன்கள் ஆள்கின்றன. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் தம் ஹார்மோனை அனுப்புகின்றன. அது கட்டும் இனத்து அணுக்களை அடைந்து, முதற்புரதத்தை மிகுவித்து, இரண்டாவதைக் குறைக்கிறது. எலும்பு கரைந்து, கால்சியம் இரத்தத்தில் சேர்கிறது. ஈஸ்ட்ரோஜன் இதற்கு மாறாக எலும்பைக் காக்கிறது. மாதவிடாய் நின்றபின் அது குறைவதால் கரைதல் மிகுகிறது. மூதாட்டியர் சற்றே வழுக்கி விழுந்தாலும் எலும்பு முறிவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மாணவ மாணவியரே! எலும்பின் சேமிப்பு பெரிதும் இளமையிலேயே நிறைகிறது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. வெயில் பட்டுத் தோலில் உண்டாகும் வைட்டமின் டி, அதனைக் குடல் ஏற்க உதவுகிறது. உணவு தராத கால்சியத்தை உடல் எலும்பிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆகவே, இன்று உண்பதும் வெயிலில் ஓடியாடுவதும் முதுமைக்கான முதலீடாகும்.