கடல் கடக்கும் தூதுப் புரதம்



நெடுந்தீவிலுள்ள நீரிழிவு நோயாளருக்கு வேண்டிய இன்சுலின், குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறியே செல்லவேண்டும். இன்சுலின் என்பது யாது? சதையி சுரக்கும் ஒரு தூதுப் புரதம். குருதியிலே வெல்லம் மிகும்போது அது புறப்பட்டு, தசைக் கலங்களின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகளிற் பொருந்தும். வாயிலில் செய்தி கிடைத்ததும் கலம் வெல்லத்தை உள்ளே ஏற்கும்.

1922 இல் ரொறன்ரோவில் முதன்முதலாக நோயாளிக்கு ஏற்றப்பட்ட இன்சுலின், பின்னர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் சதையியிலிருந்தே பெறப்பட்டது. 51 அமினோ அமிலங்களில் பன்றியினது ஒன்றிலே, மாட்டினது மூன்றிலே மனிதருடையதினின்று வேறுபடும். அச்சிறு வேற்றுமையும் சிலருக்கு ஒவ்வாமை விளைத்ததுண்டு.

1978 இல் கலிபோர்னிய அறிஞர், மனித இன்சுலினின் இரு சங்கிலிகளுக்கும் உரிய பரம்பரையலகுகளைச் செயற்கையாக ஆக்கிப் பற்றீரியாக்களுட் புகுத்தினர். சதையியே இல்லாத அவ்வுயிர்கள் அச்சங்கிலிகளைச் செய்துகொடுத்தன! கலைப் பட்டதாரியாகிய எனக்கு இது, மொழியறியாதவன் ஏட்டைப் பிழையின்றிப் படியெடுத்தது போலத் தோன்றுகிறது. 1982 இல் அமெரிக்காவில் இது மருந்தாக அனுமதி பெற்றது. இன்று ஆய்வுகூடங்களிற் கலங்களை வளர்க்கும் ஊடகங்களிலும் இது சேர்க்கப்படுகிறது.

இப்புரதத்தின் ஆற்றல் அதன் மடிப்பிலே தங்கியுள்ளது. கடும் வெயிலாலும் உறைதலாலும் அது குலையும். குலைந்தது கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். திறவாத குப்பிக்கு 2 முதல் 8 பாகை செல்சியசு வேண்டும். படகிற் கொண்டுசெல்வோர் குப்பியிற் பனிக்கட்டி நேரே படாதவாறு துணி சுற்றுக. மின்சாரம் நின்றால், ஈரமணல் நிரப்பிய பானையுள் சிறு பானை வைத்து, குப்பியை அதனுள்ளே காற்றோட்டமான நிழலில் வைக்கலாம். அது 8 பாகைக்கு இறங்காது. மாரியின் ஈரக்காற்றிலோ அதன் குளிர்ச்சி இன்னுங் குறையும்.